தட்டுங்கள், தாங்கட்டும்!

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் டிரம் பற்றிய கேள்விகள். ஜோகூரில் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

இன்னிசைக் குழு டிரம்மர், ஸ்கூடாய்
கல்யாண விருந்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும், வீட்டில் பழக வாங்கிய எலக்ட்ரானிக் டிரம் கிட்டையே தூக்கிக்கொண்டு போகிறேன். மூட்டெல்லாம் ஆடுகிறது. உறுதியாகவும் இருக்க வேண்டும், என் மைவி காரிலும் ஏற வேண்டும். எதை வாங்கலாம்?

ஆடுவது எது என்று முதலில் பாருங்கள். பேட் அடி வாங்கவே பிறந்தது. அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் போவதெல்லாம் அடி விழாத இடங்கள்: குழாயைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளாம்ப், வயர் முனை, ஹைஹேட் பெடல். வீட்டுக் கிட், ஒரு தடவை பூட்டி மூலையில் நிறுத்துவதற்காகச் செய்தது. வாராவாரம் கழற்றிப் பூட்டினால் மரை தேயும்; டாம் பாட்டுக்கு நடுவில் தலை கவிழும். பல கிட்களில் எல்லா வயரும் சேர்ந்து 25 ஊசி கொண்ட ஒரே பிளக்காக, ஒலி தரும் மாட்யூல் பெட்டியில் போய்ச் செருகும். இருட்டில் அவசரமாகச் செருகி ஓர் ஊசி வளைந்தால் ஸ்நேர் ஊமை. மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போதுதான் அது தெரியவரும்.

ஆகவே கடையில் ஸ்டிக்கைத் தொடுமுன் திருகைத் தொடுங்கள். கிளாம்ப் உலோகமா? மடக்கி விரித்தால் பழைய உயரத்துக்கே வர மெமரி லாக் உண்டா? அந்த 25 ஊசி வயர் கெட்டுப்போனால் மாற்று வயர் தனியாகக் கிடைக்குமா? மடக்கித் தூக்குவதற்கென்றே ரோலண்ட் டிடி-4கேபி, டிடி-1கேபிஎக்ஸ் என்று கிட்களை விட்டது. நல்ல நிலையில் பழையது அகப்பட்டால் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் வேலைக்கு என் ஓட்டு முழுக் கிட்டுக்கு இல்லை, ஆக்டோபேட் வகைக்குத்தான். எட்டு பேட் ஒரே உடம்பில். ஆடுவதற்கு மூட்டே கிடையாது. எஸ்பிடி-30 போன்றவற்றில் கிக், ஹைஹேட் பெடல், தனி ஸ்நேர் பேட் எல்லாம் செருகிக்கொள்ள இடம் இருக்கிறது. மிச்சமாகும் வெள்ளியில் கனமான ஸ்டாண்டும் கெட்டியான பெட்டியும் வாங்குங்கள். மைவியின் பின் சீட்டில் கீபோர்டுக்காரரும் உட்காரலாம்.

இல்லத்தரசி, பொந்தியான்
என் வீட்டுக்காரர் மூன்றாவது டிரம் கிட் வாங்கப் போகிறாராம். "இதுதான் கடைசி" என்கிறார். நம்பலாமா?

கிட் கடைசியாக இருக்கலாம். சிம்பல், பெடல், ஸ்டாண்ட், ஸ்பீக்கர் பற்றி ஏதாவது சொன்னாரா?

கல்லூரி மாணவர், குளுவாங்
உருமியைப் பதிவு செய்து சாம்பிளிங் பேடில் ஏற்றிவிட்டால், தைப்பூசத்துக்கு உருமிக்காரர்களே தேவையில்லையே?

அவர்கள் காதில் விழாமல் கேட்டீர்கள், பிழைத்தீர்கள்.

ஏற்றலாம், தடையில்லை. எஸ்பிடி-எஸ்எக்ஸ் மாதிரி பேடில் நீங்கள் பதிவு செய்த ஒலியை ஏற்றி, எந்த பேடில் வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்ளலாம். உருமியின் அடிக்கிற முகம் சரியாகவே வந்துவிடும். தகராறு தேய்க்கிற முகத்தில். வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது அழுத்தம் கூடினால் ஓசை வளைந்து ஏறும், கை தளர்ந்தால் இறங்கும். காவடி எடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் உருமிக்காரர் அதை நீட்டுகிறார், நறுக்குகிறார். உங்கள் பேடுக்குத் தெரிந்ததோ, எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பது மட்டும். ரப்பருக்கு அடியில் இருக்கும் பீசோ வில்லை அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்த சங்கதி. அடித்தால் பதில் சொல்லும். தேய்த்தால் முழிக்கும். பதிவான ஒரே தேய்ப்பு ஒவ்வொரு முறையும் அதே நீளம், அதே வளைவு. மூன்றாம் முறை பாட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

போதாததற்குக் காவடியோடு நடக்க வேண்டும். உங்கள் பேட் சுவர் பிளக்கோடு கட்டிப்போட்டது. மேடைப் பாட்டுக்கு நடுவில் நாலு அடி உருமி வேண்டுமா, பேட் போதும். ஊர்வலத்துக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

மாசாய் வாசகர்
சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போகும்போது அங்கேயே வாங்கி, ஜிஎஸ்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு காஸ்வே வழியாக வந்துவிடலாமா?

வரலாம். வரி மட்டும் உங்களோடு வராது. அந்த 9 விழுக்காட்டைச் சுற்றுப்பயணிகள் திரும்பப் பெறுவதற்கு விமானம் ஏற வேண்டும், அல்லது உல்லாசக் கப்பல் ஏற வேண்டும். 1924-இல் திறந்த காஸ்வேயைக் கடப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. துவாஸ் பாலத்திலும் இல்லை. சாங்கியிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மாசாய் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், கணக்குப் போடுவோம். உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்பதையும் காசு கொடுக்குமுன் கேளுங்கள். பழுதானால் நெரிசலில் தூக்கிக்கொண்டு போகப் போகிறவர் நீங்கள்தான்.

சிகாமட் வாசகர்
ஆக்டோபேட் தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பா? நம் குழுக்கள் எல்லாவற்றிலும் இருக்கிறதே!

சொந்தம் கொண்டாடும் அளவுக்கு உழைத்திருக்கிறோம், உண்மை. பிறந்தது ஜப்பானில். ரோலண்ட் 1985-இல் விட்ட முதல் ஆக்டோபேட், பேட்-8. வேடிக்கை என்னவென்றால் அதற்குள் ஒரு சத்தமும் கிடையாது. தட்டினால் மிடி கம்பி வழியாகப் பக்கத்துக் கருவியிடம் சொல்லும். சத்தம் போடுவது அந்தக் கருவியின் வேலை. ரோலண்டைத் தொடங்கிய இகுதாரோ காகெஹாஷி சின்ன வயதில் கடிகாரம் பழுது பார்த்தவர். காலப்பிரமாணம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது! கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அந்த மிடி முறைக்காக அவருக்கும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்துக்கும் 2013-இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அடுக்குமாடிவாசி, தம்போய்
மெஷ் பேட், காதில் ஹெட்ஃபோன். அப்படியும் கீழ்வீட்டு மாக்சிக் சண்டைக்கு வருகிறார்.

உங்கள் கை அவருக்குக் கேட்கவில்லை, கால்தான் கேட்கிறது. மெஷ், ஸ்டிக் சத்தத்தைக் குறைக்கும். கிக் பெடலின் இடி சிமெண்டுத் தரை வழியாக நேரே அவர் வீட்டுக் கூரையில் இறங்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பாதி பதித்து வைத்து, அதன்மேல் கிட்டை ஏற்றுங்கள். இடி வெகுவாக அடங்கும். இரவு பத்துக்கு மேல் கிக் வேண்டாம். தீபாவளிக்கு முறுக்கு டின் ஒன்றும் கீழே இறங்கட்டும்.

பாசிர் கூடாங் வாசகர்
நண்பரின் அடாப்டர் என் பேடில் கச்சிதமாகச் செருகுகிறது. போடலாமா?

செருகுவது வேறு, சேருவது வேறு. ரோலண்ட் பேட்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். யமஹா டிடிஎக்ஸ் வகையில் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். மாற்றிப் போட்டால் வாசிப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள், புகை வாசிக்கும். அடாப்டரில் பேட் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

பத்து பஹாட் வாசகர்
பழைய கிட் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

சொந்த ஸ்டிக்கையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர்கள் பலமாக அடித்துக் காட்டுவார்கள். நீங்கள் மெதுவாகத் தட்டுங்கள். நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி கேட்டால் சென்சார் தளர்ந்திருக்கிறது. வெயிலில் கார் பூட்டிலேயே கிடந்த மெஷ் பேட்களில் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் கூம்பு நகர்ந்துவிடுவதும் உண்டு. டாமைத் தட்டும்போது சிம்பல் முனகுகிறதா என்று கேளுங்கள். சிம்பல் ஓரத்தைப் பிடித்தால் சத்தம் நிற்க வேண்டும். ஹைஹேட் பெடலை மெல்ல மெல்ல அழுத்துங்கள். திறப்பு, பாதி, மூடல் மூன்றும் படிப்படியாக வர வேண்டும். வயர் முனைகளை ஆட்டிப் பாருங்கள். கடைசியாக, முழுக் கிட்டையும் கழற்றி நீங்களே ஒருதடவை பூட்டுங்கள். அதற்கு விற்பவர் முகம் சுளித்தால், காசைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.