எங்கள் ஆலையின் ‘முக்கியத்துவத்தை’ ரத்து செய்யக் கோரி

பெறுநர்: மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகம், புதுடெல்லி.

ஐயா,

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 100 ஏக்கரில் ஒரு தடுப்பூசி வளாகம் இருப்பது தங்கள் ஞாபகத்தில் இருக்கலாம். 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்ததே நீங்கள்தான். குன்னூர், கிண்டி, கசௌலி என மூன்று பழைய அரசு ஆலைகளின் உரிமத்தை 2008-இல் நிறுத்திவைத்து, 2010-இல் திருப்பிக் கொடுத்திருந்தீர்கள். அவற்றைப் புதுப்பிக்கவும் காசு வேண்டும், புதிதாகக் கட்டவும் காசு வேண்டும், கஜானா ஒன்று. எங்களுக்கு ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம்’ என்ற பட்டம் கிடைத்தது.

பந்தியில் முதல் இலை எங்களுக்குத்தான். தண்ணீர் தெளித்து உட்கார்ந்தோம். சாம்பார் வாளி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

2019-இல் ஆலையின் மதிப்பீடு 904 கோடியானது. அதே ஆண்டு அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் பக்கத்து மாமல்லபுரம் வந்தார்கள். சாலை பளபளத்தது, சுவரெல்லாம் வண்ணம். ஐந்து ரதம் அருகே தோட்டக்கலைத் துறையினர் காய்கறி, பழங்களைக் கோத்து அலங்கார வளைவு கட்டினார்கள். அந்த வாரம் அவர்களுடைய வழக்கமான வேலையை யார் பார்த்தார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல. 2022-இல் ரஷ்யாவின் கையைவிட்டுப் போன செஸ் ஒலிம்பியாட் மார்ச்சில் நமக்கு வந்தது. ஜூலை கடைசியில் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“அது வேறு துறை, வேறு அரசு” என்பீர்கள். எந்த அலுவலகமானால் என்ன? தேதி குறித்த கோப்புக்கு ஆள், வண்டி, பணம் மூன்றும் ஓடிவரும். வெறும் பட்டம் வாங்கிய கோப்புக்கு அலமாரி.

எங்களுக்கும் ஒரு தேதி வந்தது. 2021 மே, கொரோனா தடுப்பூசிக்கு ஊரே அலைந்தது. ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் தயாரிக்கத் திட்டமிட்ட ஆலை சும்மா கிடந்தது. முதல்வர் ஸ்டாலின் நேரில் பார்த்துவிட்டு, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். சுமார் 700 கோடி செலவாகிவிட்டது, தனியார் யாரும் ஏலத்துக்கு வரவில்லை என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. மிச்சத்தைப் போட உங்களுக்கு மனம் வரவில்லை. போட்ட 700 கோடியைப் பூட்டிவைக்க மட்டும் வந்தது.

ஆகவே, இனி எங்கள் பக்கம் எதைக் கட்டினாலும் ‘சாதாரணத் திட்டம்’ என்றே அறிவித்து, பணம் விடுவிக்கும் தேதியை மட்டும் ஆணையில் எழுதிவிடுங்கள். விதிமுறை இடம் தராதென்றால் வெளிநாட்டுத் தலைவர் ஒருவரைத் திருமணிக்கு அனுப்பிவையுங்கள். வளைவுக்கு வேண்டிய காய்கறி எங்கள் செலவு.

இப்படிக்கு,
செங்கல்பட்டுவாசி