பூச்சி வளர்க்கும் மருமகனுக்கு

பாலிக் புலாவ்ல நீ குத்தகைக்கு எடுத்த நிலத்தைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன், மருமவனே. சௌராஸ்தா மார்க்கெட்ல எல்லாரும் நீ கத்தரியும் பயத்தங்காயும் போட்டிருக்கேன்னு பேசிக்கிறாங்க. விவரம் கெட்ட சனங்க. நீ வளர்க்கிறது பூச்சி. சும்மா சொல்லக் கூடாது, பினாங்குத் தீவுலயே இவ்வளவு செழிப்பா யாரும் வளர்க்கலை.

திங்கக்கிழமை தவறாம மருந்தடிக்கிறியாமே. பாயான் லெப்பாஸ் பேக்டரியில ஷிப்டு மாறினாலும் இது மாறாதாம். பலே! பூச்சி வளர்க்கிறவன் இலையைத் திருப்பியே பார்க்கக் கூடாது. பார்த்தா எண்ணத் தோணும். எண்ணினா, இதுக்கா மருந்துன்னு கை நின்னுடும். செம்பனைத் தோட்டத்துல அப்படித்தான் கெட்டுப் போனாங்க. மட்டையை வெட்டி இறக்கி, ஒவ்வொரு புழுவா எண்ணி, மட்டைக்குப் பத்துக்கு மேல போனாத்தான் மருந்துப் பேச்சையே எடுக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. இப்படி இருந்தா பூச்சி எங்கேருந்து முன்னேறும்?

ஆனா நீதான் முன்னோடின்னு நெஞ்சை நிமிர்த்தாதே. உனக்கு முன்னாடியே துரைமார் செஞ்சு காட்டிட்டாங்க. 1950-கள் கடைசியிலயும் 60-கள்லயும் செம்பனைக்கு டீல்ட்ரின், எண்ட்ரின், டி.டி.டி.ன்னு அடிச்சுத் தள்ளினாங்க. அதுவரைக்கும் அங்கொண்ணு இங்கொண்ணா இருந்த உலாட் புங்குஸ், அதான் பையைக் கட்டிக்கிட்டு மட்டையில தொங்குமே அந்தப் புழு, தோட்டம் தோட்டமா மொட்டையடிச்சிட்டுது. சூட்சுமம் இதுதான். புழு பைக்குள்ள பத்திரமா இருக்கும். அதைத் தேடி முட்டை வைக்க வர்ற சின்னக் குளவிதான் வெளியே அலையும். அப்போ மருந்து யார் தலையில விழும்? அதுலயும் பெட்டைக்கு றெக்கையே கிடையாது; கல்யாணம், பிரசவம், சாவு எல்லாம் பைக்குள்ளயேதான். ஆயர் ஈத்தாம் பிளாட்டுல பதினெட்டாம் மாடியில இருக்கிற நம்ம சனங்கூட சாமான் வாங்கக் கீழே இறங்கும், இது இறங்காது.

பிரையன் உட்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து, அடிக்கிறதை நிறுத்துங்கய்யா, குளவி தானா வரும்னு சொன்னார். வந்துட்டுது. அதை 1968-ல புத்தகமாவே போட்டுட்டார். அதே காலத்துல சபாவில கொக்கோவுக்கு கோர்டன் கான்வேன்னு ஒரு இளவட்டம் இதையேதான் சொல்லி, இதையேதான் நிரூபிச்சார். இந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல வந்தா கேட்டைச் சாத்திடு.

கேமரன் மலை முட்டைகோஸ்காரங்க உன் சாதி. வைரமுதுகுப் பூச்சிக்கு ஒரு மருந்து, அது கேக்கலைன்னா இன்னொண்ணு, அதுவும் கேக்கலைன்னா ரெண்டு மூணைக் கலந்து ஒரே அடி. பூச்சி எல்லாத்தையும் குடிச்சுப் பழகிக்கிச்சு. 1970-கள்ல டயடெக்மான்னு ஒரு குளவியை வெளிநாட்டுலேருந்து கொண்டாந்து விட்டாங்க. பம்பு ஓயாத ஊர்ல அந்தப் பாவப்பட்ட குளவி குடும்பம் நடத்த வருசக்கணக்காச்சு. இந்தோனேசியாக்காரன் நெல்லுலயும் இதே கூத்து. புகையானுக்கு அடிக்க அடிக்கப் புகையான்தான் பெருகிச்சு, அதைத் தின்ற சிலந்தி செத்துச்சு. கடைசியில 1986-ல 57 மருந்தை நெல்லுக்கு அடிக்கக் கூடாதுன்னு ஜெனரல் சுகார்த்தோ உத்தரவே போட்டுட்டார். ஜெனரலே பின்வாங்கின இடத்துல நீ இன்னும் நிக்கிறியே, அந்த வீரத்தைச் சொல்லணும்.

போன வாரம் முள்ளு முள்ளா ஒரு கறுத்த புழுவை நசுக்கிட்டு, "மாமா, புது எதிரி"ன்னியே. அது பொறிவண்டோட குஞ்சு. உன் பயத்தங்கொடி அசுவினியைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. நீ செஞ்சது சரிதான். அசுவினிக்கும் ஆதரவுன்னு ஒண்ணு வேணாமா?

வரப்புல ஒரு பூ விடாம களைக்கொல்லி அடிச்சுச் சுத்தமா வச்சிருக்கே, அதுவும் அழகு. தோட்டத்துக்காரங்க என்னடான்னா ரோட்டோரம் வேலை மெனக்கெட்டு எட்டு மணிப் பூ நடுறாங்க. காலையில விரியுமே, மலாய்க்காரங்க புங்கா புக்குல் லாப்பான்னு சொல்றது. குளவி தேன் குடிக்கணுமாம். பக்கத்துல கொடி ரோஸ் வேற. குளவிக்கு விருந்து, புழுவுக்கு எமன்.

களைக்கொல்லின்னதும் ஒண்ணைச் சிரிக்காம சொல்றேன். பாராகுவாட்டை முதுகுல சுமந்து அடிச்சு, நகம் கழண்டு, மூக்குல ரத்தம் ஒழுகினவங்கள்ல நம்ம பொம்பளைங்க எத்தனை பேர்னு உங்கம்மாவைக் கேளு. 2002-ல தடைன்னாங்க, 2006-ல அதையே தளர்த்தினாங்க, 2020 சனவரி ஒண்ணாந்தேதிதான் ஒரேயடியா நின்னுச்சு. பூச்சிமருந்தை எதிர்த்து உலகம் பூரா சேர்ந்த ஒரு கூட்டணி 1982-ல உருவானதே நம்ம பினாங்குலதான். அந்த ஊர்க்காரன்டா நீ.

எலிக்கு விஷம் வச்சிருக்கியாமே. நல்லது. செத்த எலியைத் தின்னு கூகையும் சாகும், அப்புறம் எலிக்கு ஏது தடை? கூகை கத்தினா சாவு விழும்னு நம்ம ஆயா காலத்துலேருந்து பயம். தோட்டத்துல அதுக்குக் கம்பம் நட்டுப் பொட்டி வீடு கட்டிக் குடி வைக்கிறாங்க. குஞ்சு பொரிச்ச ஒரு சோடி வருசத்துக்கு ஆயிரம் எலியைத் தீர்க்குமாம். மிண்டன் யுனிவர்சிட்டிக்குள்ளயே கொண்டாந்து விட்டிருக்காங்க. படிச்சவங்களே கூகைக்கு வீடு பார்த்துக் குடுக்கிறாங்க, நீ உன் வருங்கால மாமனாருக்கே இன்னும் பிடி கொடுக்கலை.

இதையும் எச்சரிக்கையாக் கேட்டுக்கோ. வாடித் தொங்குற கத்தரிக் குருத்தைக் கிள்ளி எடுத்து அழிச்சிடாதே, உள்ளே இருக்கிற புழு போயிடும். பாகல் பிஞ்சைப் பேப்பர்ல சுத்தாதே, ஈ பட்டினி கிடக்கும். மஸ்ஜித் நெகிரி ரோட்டுல பயனீட்டாளர் சங்கம் இருக்கே, பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் சொல்லித் தர்ற இடம், அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்திடாதே. முசுறு கூடு மரத்துல கண்டா கொளுத்திடு. ஆரஞ்சு மரத்துக்குக் காவல் வைக்க அந்தக் கூட்டைச் சந்தையிலேயே விக்கிறாங்கன்னு சீனாக்காரன் கி.பி. 304-லயே எழுதி வச்சிட்டான். அவனுக்கு என்ன தெரியும், அப்போ மருந்துக் கடையா இருந்துச்சு?

சரி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றப்போ கத்தரிக்காய் கொண்டா. சௌராஸ்தாவுக்குப் போற பளபளப்புக் காய் எனக்கு வேணாம். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, வீட்டுக்குன்னு மருந்தே படாம ரெண்டு பாத்தி ஒளிச்சு வச்சிருக்கே பாரு, அதுலேருந்து பறி. முழிக்காதே. காய் நல்லாத்தான் இருக்கு, பூச்சியும் அவ்வளவா இல்லை. நேத்து நீ ஷிப்டுக்குப் போனப்புறம் பறிச்சுட்டுப் போய் உங்கத்தைகிட்ட குடுத்தவன் நான்தான்.