ஐதர் அலியும் கொரியன் புல்லும்

ஏப்பா பேராண்டி, புது வீட்டு வாசல்ல தோட்டம் போட்டுட்டியாமே! ரொம்பச் சந்தோசம். அந்தக் கொரியன் புல்லை மாடு மேயக் கூடாது, மனுசன் மிதிக்கக் கூடாது. தண்ணி மட்டும் லாரியில வந்து எறங்கணும். தலை தீவாளிக்கு வந்த மாப்பிள்ளையக் கூட இப்பிடித் தாங்க மாட்டாக. கிரேன்ல கொண்டாந்து நட்ட பனை, நாலு பக்கமும் மூங்கில் முட்டு வாங்கிக்கிட்டு நிக்கிது. பாவம், அதுக்கே நம்ம மண்ணு மேல நம்பிக்கை இல்ல.

ராசா தோட்டம் மாதிரி வேணும்னு சொன்னியாம். அப்ப நம்ம ஊர்ல இருந்த ஆளையே விசாரிப்போம். பின்னால மைசூரை ஆண்ட ஐதர் அலி 1755-ல திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாரா, அதாவது படை அதிகாரியா வந்தாரு. பிரெஞ்சுக்காரங்களை வச்சு பீரங்கிக்குப் பட்டறை போட்டாரு, படை சேத்தாரு. லால்பாக் தோட்டத்தை மட்டும் 1760-ல பெங்களூர்ல போய்த்தான் ஆரம்பிச்சாரு. நம்ம திண்டுக்கல் பாறையச் சுத்திப் பாத்த மனுசன், விவரமாத்தான் இருந்திருக்காரு!

அது அவரோட சொந்தத் தோட்டம். சிராவுல இருந்த மொகலாயத் தோட்டத்தைப் பாத்துப் போட்டதும்பாக. மகன் திப்பு வெளிநாட்டுச் செடியெல்லாம் வரவழைச்சாரு. 1800-ல புக்கானன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் போய்ப் பாத்து எழுதி வச்சிருக்காரு: சதுரஞ் சதுரமாப் பாத்தி, எடையில நடைபாதை, ஓரத்துல சைப்ரஸ் மரம். ஒரு பாத்தி முழுக்க ரோசா, இன்னொண்ணு முழுக்க மாதுளை. பூவும் ஆச்சு, பழமும் ஆச்சு. பின்னால தோட்டம் வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. 1889-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ் சாயல்ல கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நட்டாக. அவுக அவுக காலத்து ஆசையை அவுக அவுக நட்டிருக்காக. நீ நட்டிருக்கிறது போன்ல பாத்த ஓட்டல் வாசலை.

கெழவன் சொல்றதைக் கொஞ்சம் கேளு. புல்லைச் சுருட்டிட்டுப் பாத்தி கட்டு. நெலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகைப் பதியன் வாங்கி ஒரு பாத்தி, மாதுளை ஒரு பாத்தி, வேலியோரம் எலுமிச்சை. முருங்கையை வாசல்ல வச்சா ஒங்க ஆத்தா சண்டைக்கு வருவா, கொல்லையில வையி. சிறுமலை வாழைக்கு மட்டும் ஆசைப்படாத; அது மலைய விட்டு எறங்காது. சாதா வாழை ரெண்டு வச்சு, குளிச்ச தண்ணிய அதுக்குத் திருப்பி விடு.

இதுக்கெல்லாம் முன்னாடி, ஒன் போர்ல எத்தனை அடியில தண்ணி கெடக்குன்னு பாரு. அதைப் பாத்துக்கிட்டு அப்புறமா நர்சரிக்குப் போ.