தவளைவாயன் தரிசனம்

சென்ற வாரம் தட்டேக்காட்டிலிருந்து திரும்பியவன், கழுத்தில் தைலம் தடவிக்கொண்டே இதை எழுதுகிறேனாதலால், நடையில் சற்றுக் காரம் மிகுந்திருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பறவைகளைப் படம் பிடிக்க எந்தக் காமிரா வாங்கலாம், எவ்வளவு நீளமுள்ள லென்ஸ் உத்தமம் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரே தடவையாகப் பதில் சொல்லிவிடுவதுதான் இக்கட்டுரையின் பிரதான நோக்கம். அதற்கு முன் ஒரு சிறு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் மூடும் சமயம் பார்த்துத்தான் நாம் காட்டுக்குப் புறப்படுகிறோம். பறவைகளோ பள்ளிக்கூடப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. வேடந்தாங்கலில் மார்கழியிலும் தையிலும் மரம் கொள்ளாமல் கூடியிருந்த நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும், நாம் புளியோதரை மூட்டையோடு போய் இறங்கும் மே மாதத்தில், ஏரித் தண்ணீரோடு சேர்ந்து மறைந்துவிடுகின்றன. குளிர்காலம் முழுதும் விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி, நமக்கு விடுமுறை என்று தெரிந்ததும் வடக்கு நோக்கிப் பிரயாணம் கட்டிவிடுகிறது. ஆகையால், கோடையிலும் ஊரைவிட்டுப் போகாத பறவைகள் எங்கே உண்டு என்று விசாரித்து, பெரியாற்றங்கரையில் 1983-இல் அமைந்து, சாலிம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கும் 25 சதுர கிலோமீட்டர்த் தட்டேக்காட்டுச் சரணாலயத்தில் ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் போய் நிற்கிறோம்.

அங்கே போகிறவர்கள் பார்த்தே தீரவேண்டியது இலங்கைத் தவளைவாயன். சுமார் 23 சென்டிமீட்டர் நீளமுள்ள ராத்திரிப் பட்சி அது. இரவெல்லாம் பூச்சி தேடிவிட்டு, பகலெல்லாம் ஜோடியாக ஏதேனும் ஒரு கொடியில் ஒட்டி உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, உலர்ந்த சருகாகவே உருமாறிவிடும் வித்தையைப் பிரமன் அதற்குக் கற்பித்திருக்கிறான். பிறர் கண்ணில் படலாகாது என்பதையே ஜீவிய விரதமாகக் கொண்ட அந்தப் பிராணியைத்தான் வழிகாட்டி ‘மாக்காச்சிக்காடை’ என்று பெயர் சொல்லி அழைத்து, ஒரு கூட்டத்துக்கே காட்டிக்கொடுக்க முற்படுகிறார்.

“சாரே, அந்த வலிய மரம் கண்டோ?” என்று ஆரம்பமாகும். மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத காட்டில் வலிய மரத்தைக் காணாதவன் யார்? கண்டேன் என்கிறோம். மரத்துக்கு இடப்பக்கம் ஒரு கொடி. கொடி வளைகிற இடத்தில் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு சாண் கீழே ஐந்து சருகுகள். அவற்றில் இரண்டு மட்டும் சருகல்ல. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் விளங்கவில்லையென்றால் அது நம் பூர்வஜன்ம கர்மந்தான். உடனே, நமக்கு ஒரு நிமிஷம் முன்னதாக ஞானம் பெற்ற பக்கத்து மனிதர் வியாக்கியானத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்: “அந்த மரமில்லை சார், அதுக்குப் பின்னாடி இருக்கிற மரம்.” மரம் அதுதான், கொடிதான் வேறு என்று அவருடைய மனைவி பாடபேதம் காட்டுகிறாள். மூன்றாமவர் நம் தலையை இரு கையாலும் பற்றித் திருகி, “என் விரலைப் பாருங்கள்” என்கிறார், பார்க்கிறோம், விரல் வெகு நன்றாகத் தெரிகிறது. நாலாமவர் கடிகார பாஷை பேசுகிறவர். பத்து மணித் திசை என்கிறார். பத்து மணியில் ஒரு சருகு இருக்கிறது. பதினொரு மணியிலும் ஒரு சருகு இருக்கிறது. பன்னிரண்டு மணியில் எறும்புக்கூடு. இதற்குள் பிஸ்கட் தின்றுகொண்டே வந்த ஒரு வாண்டு, நிமிர்ந்தும் பாராமல், “அதோ ரெண்டு இருக்கே, மாமா” என்று நம் மானத்தை வாங்குகிறது.

இந்தக் கட்டத்தில் நாம் செய்வது உலகம் அறிந்ததே. “ஆகா!” என்கிறோம். ஆகாவிலும் தரபேதங்கள் உண்டு. பார்த்தவனுடைய ஆகா குறுகியது, தொண்டையோடு நின்றுவிடும். பார்க்காதவனுடைய ஆகா நீண்டு, புருவத்தை உயர்த்தி, “என்ன நிறம்!” என்ற உபரியையும் சேர்த்துக்கொள்ளும். சருகுக்கு என்ன நிறம் என்று எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை; கேட்கவேண்டியவரும் பார்த்திருக்கமாட்டார். கடைசியில் ஒரு தர்மவான் தம் காமிராவின் முதுகில் உள்ள திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டுவார். ரயிலும் பஸ்ஸும் ஜீப்பும் ஏறிவந்து, தீப்பெட்டியகலத் திரையில் பறவை தரிசனம் செய்கிறோம்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மா. கிருஷ்ணன், உதிரிப் பாகங்களைத் தாமே இணைத்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று நாமகரணமும் செய்துகொண்ட ஒரு காமிராவால், கறுப்பு வெள்ளையிலேயே வனவிலங்குகளைப் படமெடுத்தார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றிப் பத்திரிகையில் பத்தியும் எழுதினார். படச்சுருளுக்குக் காசு கொடுக்கவேண்டியிருந்த காலமாதலால் பொத்தானை யோசித்தே அமுக்கினார்கள். இன்றைய காமிராவோ வினாடிக்கு இருபது படம் எடுக்க வல்லது. காலையிலிருந்து மாலைவரை இறகைக்கூட அசைக்காத ஒரு பட்சியை வினாடிக்கு இருபது படம் எடுத்து இவர்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

தலை முதல் கால்வரை இலைநிற உடுப்பு அணிந்துவந்து, பையில் செல்போனை அலறவிடுகிறவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பறவையின் குரலைப் பதிவுசெய்து வந்து அதனிடமே போட்டுக்காட்டி, எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டான் என்று அதை ஏமாற்றிக் கிளைக்குக் கிளை அலையவிடுகிறவர்களையும், படத்தில் குறுக்கே விழுகிறது என்று மறைப்பாயிருந்த இலைகளைக் கிள்ளி எறிகிறவர்களையும் மன்னிப்பதற்கில்லை. சென்ற வாரம் என் பக்கத்தில் நின்ற ஒரு கனவான் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, என்னையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். பறவைகளின் பேரில் அபாரப் பிரியமாம்.

அவரைப் போன்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கோடை முதிருமுன் நீங்கள் காணும் தவளைவாயன் தனியாகக் கூட்டில் உட்கார்ந்திருந்தால், அநேகமாக அது ஆண் பறவை. பகல் நேரத்தில் அடைகாப்பது அதன் முறை. இலையைத் தொடாமல் திரும்பிவிடுங்கள். அதன் அடியில் இருப்பது ஒரே ஒரு முட்டை.