கிள்ளானின் வில்லன் யார்?

மாயலோக விளையாட்டில் சுயநலத் தளபதியை அவன் கறுப்புக் கவசமே காட்டிக்கொடுத்துவிடும். மலாயாவின் சிலாங்கூரில் நடந்த கிள்ளான் போரில் அந்த வசதி இல்லை. அரச குலத்தான் வரி கட்டுவதா என்று கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவிடம் முறைத்த ராஜா மஹ்டி, 1867-இல் கிள்ளானையே பிடித்தார். ஆற்றில் இறங்கும் வெள்ளீயத்துக்கு வரி வாங்க மட்டும் குலம் குறுக்கே நிற்கவில்லை. சுல்தானுக்குத் தருவதாகச் சொன்ன மாதம் 500 வெள்ளியும் போய்ச் சேரவில்லை.

அந்நியத் தலையீட்டை எதிர்த்த வீரரல்லவா என்பார்கள். எதிர்த்தார்தான், எதிரணியை நடத்திய சுல்தானின் மருமகன் தெங்கு குடின் பகாங் படையை அழைத்ததும், பிரிட்டிஷ் தயவை நாடியதும் உண்மைதான். ஆனால் இருவர் கண்ணும் ஒரே கல்லாப்பெட்டியின் மேல். நடுவில் எரிந்தது கோலாலம்பூர். தோற்றதால் மஹ்டி வில்லனானார். 1874-க்குப் பின் கல்லாச் சாவியோ பிரிட்டிஷார் இடுப்பில்.