நொய்யலுக்குப் பவளம் போதுமா?

கேள்வி: கடல் மீன்தொட்டியில் ஜீனியா என்ற மென்பவளம் வளர்த்தால் நைட்ரேட் குறையுமாமே? எங்கள் நொய்யல் ஆற்றுக்கும் இப்படி ஒரு வழி உண்டா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஓரளவு குறையும். வேகமாக வளரும் ஜீனியா, நீரில் கரைந்த நைட்ரஜனைத் தன் உடலாக மாற்றிக்கொள்ளும். ஆனால் அவ்வப்போது வெட்டி வெளியே எடுக்க வேண்டும். அழுக விட்டால் தின்றதையெல்லாம் தொட்டிக்கே திருப்பித் தந்துவிடும்! மீனுக்குத் தீனியைக் குறைப்பது அதைவிட நல்ல வைத்தியம்.

நொய்யலுக்கு வருவோம். ஆகாயத்தாமரையும் ஜீனியா மாதிரிதான். கழிவுநீர்ச் சத்தைக் குடித்தே நொய்யல் படுகையில் கொழுக்கிறது. அள்ளி அப்புறப்படுத்தினால்தான் பலன். திருப்பூரின் சாயக்கழிவு வேறு கதை. பருத்தியில் சாயம் ஏற உப்பை வண்டி வண்டியாகக் கொட்டுகிறோம். அந்த உப்பைத் தின்று தீர்க்கும் உயிர் எதுவும் இல்லை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது அப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, எதிர்ச்சவ்வூடு பரவலிலும் ஆவியாக்கலிலும் நீரையும் உப்பையும் மீட்கும் முறை இங்கே வேரூன்றியது.

ஒரு வேண்டுகோள்: தொட்டிக்காக மன்னார் வளைகுடாவின் கல்பவளத்தைக் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு அதுவும் இருக்கிறது.