எறங்கக் கல்லு, ஏறப் புத்தி

எலேய் பேராண்டி, அந்த போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி. எழுத்து தெரியல, விலை மட்டும் நல்லாத் தெரியுது. ஸ்கூபாவுக்குக் கனம் கட்டணும், இடுப்புப் பட்டையா, ஜாக்கெட்டுப் பையா, தோள்வாரான்னு ஒரு வாரமா சோறு எறங்காம இருக்கியாம். உங்க பாட்டி சொன்னா. பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலையேல!

நம்ம வம்சத்துல காசு குடுத்துக் கனம் வாங்குத மொத ஆளு நீதான். எங்களுக்கு அது சும்மா கெடச்சுது. கல்லு. 1961-ல தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தப்ப எனக்குப் பதினாறு வயசு. கயித்துல கட்டுன கல்லுல ஒரு காலை மாட்டி, மூக்கை விரலால அமுக்கிப் பிடிச்சா, எட்டுப் பாகம் விறுவிறுன்னு எறங்கிரும். தரை தட்டுனதும் காலை உதறிருவோம். மேல நிக்கவன் கல்லை இழுத்துக்கிடுவான். சிப்பியை அள்ளிட்டு நாங்க வெறும் ஆளா ஏறி வருவோம்.

எங்க அப்பாவுக்குக் கயிறு பிடிச்சது யாருல? எங்க தாய்மாமா. தங்கச்சி தாலி கயித்து நுனியில தொங்குதுல்லா, மனுசன் தும்மக்கூட மாட்டாரு. உனக்கு மேல எந்த மாமன்ல இருக்கான்? எறங்கும்போது கட்டுன கனத்தை ஏறுத வரைக்கும் நீயேதான் சுமக்கணும். அதனால எது அழகா உக்காருதுன்னு கேக்காத. எது சட்டுன்னு கழறுதுன்னு கேளு.

சரி, எவ்வளவு ஈயம் எழுதி வச்சிருக்க? 10 கிலோவா! கடலுக்குள்ள கட்டடம் கட்டப் போறியா? உன் மெல்லிசு ரப்பர் சட்டைக்கு இவ்வளவு எதுக்கு? மொத நாளு பயந்துபோய் நெஞ்சு முட்டக் காத்தை அடைச்சு வச்சிருப்ப, முங்கியிருக்க மாட்ட. அதுக்கு மருந்து மூச்சை விடுதது. நீ ஈயத்தைக் கூட்டியிருக்க. கனம் கூடுனா அதைத் தாங்க மிதவை ஜாக்கெட்டுல காத்தை ஏத்தணும். மேல வர வர அந்தக் காத்து ஊதிப் பெருகி உன்னைத் தூக்கிட்டு ஓடும். வேண்டாத சரக்கை ஏத்திட்டு, அதைத் தள்ள ரெண்டு ஆளுக்குக் கூலி குடுத்த கதை.

போன கிறிஸ்துமஸுக்கு நீ விட்டுட்டுப் போன ஸ்கூபா புஸ்தகத்தை உன் தங்கச்சி எனக்கு வாசிச்சுக் காட்டுனா. நீ வாசிக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, மடிப்புக் கலையாம இருந்துச்சு. அதுல சொல்லியிருக்கான்: சாமானோட நீ 100 கிலோ இருந்தா, குளத்துல பாத்த கணக்குக்கு மேல உப்புத்தண்ணியில ஒரு ரெண்டரை கிலோ கூட வேணும். இன்னொண்ணு, அந்த அலுமினியச் சிலிண்டருக்குள்ள அடைச்ச காத்தே ரெண்டரை கிலோவுக்குக் கிட்ட வருமாம்! போகும்போது முங்குத சிலிண்டரு, காத்து தீரத் தீர மிதக்கப் பாக்கும். 5 மீட்டர்ல 3 நிமிசம் நிக்கணும்னு வாத்தியார் சொல்லுத எடத்துல நீ நிக்க நெனச்சாலும் அது விடாது. இரும்புச் சிலிண்டருன்னா அவ்வளவு அடம் பிடிக்காது, ஈயமும் குறையும்.

ஆக, ஈயம் சரியான்னு பாக்குத சோதனையை நெறஞ்ச சிலிண்டரோட பண்ணாத. முங்கி முடிச்சு, சிலிண்டருல 50 பார் காத்து மிச்சம் இருக்கும்போது பண்ணு. ஜாக்கெட்டுல காத்தை ஒழிச்சுட்டு, சாதாரணமா ஒரு மூச்சை இழுத்துப் பிடி. தண்ணி கண்ணு மட்டத்துல நிக்கணும். மூச்சை விட்டா மெதுவா எறங்கணும். தொபுக்குன்னு போனியா, ஈயத்தைக் கழத்து.

இப்ப கடைக்கு வருவோம். பட்டை ஏழைக்கு ஏத்தது; எந்தப் படகுலயும் கெடைக்கும். ஆனா 10 மீட்டர் எறங்குனா அழுத்தம் ரெட்டிப்பு, ரப்பர்ச் சட்டைக்குள்ள இருக்க குமிழெல்லாம் பாதியாச் சுருங்கும். பந்தி முடிஞ்சு கட்டுன வேட்டி பட்டினியில நழுவுமே, அப்படிப் பட்டை நழுவும். கீழ போனதும் ஒரு இழுப்பு இழுத்துக்கோ. கீழயே கழண்டு விழுந்தா ராக்கெட்டு மாதிரி மேல போவ, நெஞ்சு கிழியும்.

ஜாக்கெட்டுப் பை சொகுசு, இடுப்பு வலிக்காது. ஆனா சரியா மாட்டலைன்னா நடுக்கடல்ல உனக்கே தெரியாம ஒரு பக்கம் உருவிட்டுப் போயிரும். நீ காவடி மாதிரி சாஞ்சு நீந்துவ. படகுக்காரன் கையில ஜாக்கெட்டை ஏத்திக் குடுக்கதுக்கு முன்ன பையை உருவிக் குடு, இல்லன்னா அவன் இடுப்பு ஒடியும். இடுப்பு எலும்பே இல்லாத ஒல்லிப்பயலுக்குத்தான் தோள்வாரு. கணுக்காலுல கட்டுத கனம் உனக்கு வேண்டாம், நடக்கும்போதே கால் தடுக்குத ஆளு நீ.

எல்லாக் கனத்தையும் ஒரே எடத்துல வைக்காத. பாதியை உதறுத மாதிரி, மீதியைச் சிலிண்டர் வாருல. பட்டைன்னா மத்த வாரெல்லாம் மாட்டுனதுக்கு அப்புறம் கடைசியா மேல கட்டு. வலது கையால ஒரே இழுப்புல பக்கிளு அவுறணும். முங்கிச் செத்தவங்க இடுப்புல ஈயம் அப்படியே இருந்ததை எத்தனையோ தடவை பாத்திருக்காங்கல. அவங்களுக்குக் கழத்தத் தெரியாம இல்ல, கழத்திப் பழகல. மேல வந்து தத்தளிச்சா மொத வேலை ஈயத்தை விடுதது. அந்தப் பக்கிளுதாம்ல உனக்குத் தாய்மாமன்.

வாங்கிட்டு வந்து, கண்ணை மூடிக்கிட்டு இந்தத் திண்ணையில பத்துத் தடவை அவுத்துக் காட்டு. பதினோராவது தடவை நான் கேக்காமலே அவுத்தா, கடலுக்குப் போ.

ஈயம் 6 கிலோவே உனக்குத் தாராளம், சோதனை பண்ணிப் பாரு. ஏற்கெனவே பத்தும் வாங்கிட்டியா? பரவாயில்லல. மிச்சம் நாலையும் இங்கன வச்சுட்டுப் போ. என் தூண்டிலுக்கு ரொம்ப நாளா ஈயம் தேடிக்கிட்டு இருக்கேன்.